ஒளிவாளின் பிடி

சென்னை மாநகரின் மேற்கே, அம்பத்தூரை ஒட்டி, மேனாம்பேடு என்னும் ஊர் உளது. முன்னாளில் ஏரியும் கழனியுமாக விளங்கிய அப்பகுதி, 1960களில் அம்பத்தூர்த் தொழிற்பேட்டை தோன்றிய பின்னர்ப் பட்டறைகள் மலிந்த இடமாக மாறிற்று. இன்று அப்பக்கத்துத் தெருக்களில் நடப்போர் செவியில் லேத் எனப்படும் கடைசல் எந்திரத்தின் ஓசை விழாமற் போவதில்லை. தொழிலாளி ஒருவர் வரைபடமொன்றை எதிரே வைத்துக்கொண்டு, இரும்புத் துண்டைக் கடைந்து, மயிரிழையும் பிசகாமல் அளந்து பார்த்துப் பெட்டியில் இடுகின்றார். வரைபடத்தில் அவ்வுறுப்புக்கு ஓர் எண் உண்டு. பெயர் இருப்பது அரிது. கடைந்தவர் பெயரோ எங்கும் இல்லை. அவ்வுறுப்பு நீரேற்றும் பம்பில் அமருமோ, பேருந்தின் அடியில் மறையுமோ, அவரே அறியார்.

இத்தகைய பெயரற்ற உறுப்பொன்றின் பிறப்பிடத்தைத் தேடி, மேலைநாடுகளில் முதியோரும் இளையோருமாகப் பலர் ஆண்டுக்கணக்கில் உழைக்கின்றனர் என்று கேட்டால் மாணவர் நகைக்கக்கூடும். அவ்வுறுப்பும் பெரிய எந்திரத்தைச் சேர்ந்ததன்று. திரைப்படத்தில் ஒருவன் கையில் சில நொடிகள் தோன்றி மறைந்த பொய்ப்படைக்கலத்தைச் சேர்ந்தது என்றால் நகைப்பு மிகும். நகைப்பதற்கு முன் அவர்தம் செயலைச் சிறிது ஆராய்தல் தகும்.

இல்லாத பொருளை உள்ளதுபோற் காட்டுதல் கூத்துக்கலையின் பழைய தொழில். தொண்டைமண்டலத்துச் சிற்றூர்களில் பாரதக்கூத்து நிகழுங்கால், அர்ச்சுனன் தவம் புரியும் கயிலைமலையாக நிற்பது நெடிதுயர்ந்த ஒரு பனைமரமே. அதனைக் கண்டு எவரும், ‘இது பனையன்றோ’ என்று வழக்காடியதில்லை. குறைவதனைக் காண்போர் உள்ளமே நிரப்பிக்கொள்ளும். திரைப்படமோ அத்தகைய பெருந்தன்மை உடையதன்று. படக்கருவியின் கண் பொருளை நெருங்கி நோக்கும். அதன் திருகாணியையும் துருவையும் காட்டும். அதனால், வருங்காலத்தையும் வேற்றுலகையும் காட்ட விரும்பும் அறிவியற் புனைகதைப் படத்தார் படும் பாடு பெரிது. எவரும் கண்டிராத கருவி வேண்டும். அஃது உண்மைக் கருவிபோலவும் தோன்ற வேண்டும். செலவிடப் பணமோ குறைவு.

தமிழ்நாட்டிலும் இப்பாடு பட்டவர் உளர். சேலம் மாடர்ன் தியேட்டர்சார் அமெரிக்கருடன் கூடி எடுத்து 1952இல் வெளிவந்த ‘காடு’ என்னும் படத்தில், அழிந்தொழிந்த மயிர்யானைகள் தோன்ற வேண்டியிருந்தன. நம் நாட்டு யானைகளுக்கே மயிர்ப்போர்வை போர்த்து அவற்றைப் படைத்துவிட்டனர். வேற்றுக்கோளினர் கலை பயில வேண்டி நிலவுலகுக்கு வருவதாகக் கூறும் ‘கலை அரசி’ 1963இல் வெளிவந்தது. அதே ஆண்டில் இங்கிலாந்தின் பி.பி.சி. தொலைக்காட்சியில் ‘டாலெக்’ என்னும் கொடிய எந்திர உயிர்கள் தோன்றிச் சிறுவரை நடுங்க வைத்தன. ரேமண்ட் கூசிக் என்பார் வடிவமைத்த அவற்றின் கையாக நீண்டது யாது? கழிநீர்க் குழாயில் அடைப்பெடுக்கும் ரப்பர்க் கிண்ணம். 1966இல் அமெரிக்காவில் தொடங்கிய ‘ஸ்டார் டிரெக்’ என்னும் தொடரில், விண்கல மருத்துவர் கையாண்ட அறுவைக் கருவிகளுட் சில உணவு மேசையின் உப்புக் குப்பிகளே என்பர். காட்சிக்கென உப்புக் குப்பிகளைத் தேடி வாங்கினராம். அவை உப்புக் குப்பிகளென்று தோன்றாத அளவுக்குப் புதுமையாக இருந்தமையால் மருத்துவர் பைக்குள் போயினவாம்.

இம்முறை உச்சநிலை எய்தியது 1977இல் வெளிவந்த ‘ஸ்டார் வார்ஸ்’ படத்தில் ஆகும். அதன் இயக்குநர் ஜார்ஜ் லூகாஸ் பளபளக்கும் புதிய உலகை விரும்பவில்லை. பலர் கைபட்டு, எண்ணெய்க்கறை படிந்து, பழுது பார்க்கப்பெற்ற உலகமாகத் தம் விண்ணுலகம் தோன்றல் வேண்டுமென விரும்பினார். இங்கிலாந்தில் அப்படத்தின் அரங்கப் பொருள்களை அமைத்தவருள் ஒருவரான ரோஜர் கிறிஸ்டியன், கழிக்கப்பட்ட வானூர்திகளின் உறுப்புகளைப் பழைய இரும்பு விலைக்கு வாங்கிக் குவித்தார். நம்மூரில் காயலான் கடை என்போமே, அங்கே எடைபோட்டு வாங்குவதுபோல என்று கொள்ளலாம். அவ்வுறுப்புகளைச் சுவரிலும் தூணிலும் பொருத்தியவுடன் அரங்கம் உயிர்பெற்றது. அதற்குக் காரணம் உண்டு. ஓவியன் கற்பனையால் வரையும் குழாய் எங்கே தொடங்கி எங்கே முடியவேண்டுமென்று அவனே அறியான். பொறியாளர் அமைத்த குழாயிலோ ஒவ்வொரு வளைவும் ஒரு பயன் கருதியது; பயன் இன்னதென்று காண்போர் அறியாவிடினும், ‘இது வீண் வளைவன்று’ என்று கண் உணர்ந்துகொள்கிறது.

அப்படத்தின் தலைவனுக்கு ஓர் ஒளிவாள் வேண்டியிருந்தது. ஒளியைப் பின்னர்ப் படத்தில் வரைந்துகொள்ளலாம். பிடி கையில் இருந்தாக வேண்டும். கிறிஸ்டியன் இலண்டனில் புகைப்படக் கருவிகள் விற்கும் கடையொன்றில் பழைய பெட்டிகளைத் துழாவினார். ஒரு பெட்டிக்குள் கிடந்தது வெள்ளிபோல் ஒளிரும் உலோகக் குழல். பக்கத்தில் ஒரு சிவப்புப் பொத்தான். நடுவே ஒரு பற்றுவளையம். நியூயார்க் மாநிலத்து ராச்செஸ்டர் நகரில் கிராஃப்ளெக்ஸ் நிறுவனத்தார் செய்த பிளாஷ் விளக்கின் பிடி அது. 1940, 1950களில் அமெரிக்கச் செய்தித்தாள்களின் படப்பிடிப்பாளர் அக்கருவியைத் தோளருகே தூக்கிப் பிடித்து, மூன்று மின்கலங்களின் ஆற்றலால் விளக்குக் குமிழைப் பளிச்சிடச் செய்து படம் பிடித்தனர். கிறிஸ்டியன் அப்பிடியின் கீழ்ப்பகுதியில் கறுப்புப் பட்டைகள் சிலவற்றை வரிசையாக ஒட்டினார். பற்றுவளையத்தில், கைக்கணக்குப் பொறியின் எண்களைப் பெரிதாக்கிக் காட்டும் குமிழ்ப் பட்டையொன்றைச் செருகினார். ஒளிவாள் பிறந்தது. அவரும் அவருடன் உழைத்தோரும் அவ்வாண்டுப் படத்தின் அரங்க அமைப்புக்கென 1978இல் ஆஸ்கார் விருது பெற்றனர். பிடியைச் செய்தளித்த ராச்செஸ்டர்த் தொழிலாளரை எவரும் நினைத்திரார்.

படம் கண்ட சிறுவர் வளர்ந்தனர். அவருட் சிலர்க்கு ஓர் ஐயம் தோன்றிற்று: அந்தப் பிடி எதனாலாயது? இவ்வையமே தேடலின் வித்து. அவர்கள் படத்தின் காட்சிகளைத் தனித்தனிப் படமாக நிறுத்தி வைத்து நோக்கினர். வரைகள் எத்தனை, திருகாணியின் தலை எத்தகையது, வளையத்தின் அகலம் குழலின் அகலத்தில் எத்தனையில் ஒரு பங்கு என்று எண்ணினர். ஓர் உறுப்பு இன்னதென்று தெரிந்தவுடன் அதன் அளவே அளவுகோலாயிற்று. அதனைக் கொண்டு பக்கத்து உறுப்பின் அளவைக் கணித்தனர். பின்னர் அவ்வளவுக்கு ஒத்த பொருளைத் தேடிப் பழைய விலைப்பட்டியல்களையும், கழிவுப்பொருட் கடைகளையும், போர்க்காலத்துக் கிடங்குகளில் எஞ்சியவற்றையும் அலசினர்.

தமிழ் மாணவர்க்கு இம்முறை புதியதாகத் தோன்றாது. பனையோலைச் சுவடிகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இடுவதில்லை. காலுக்கும் ரகரத்துக்கும் வேற்றுமை இராது. ஒரே சொல்லை ஏடுதோறும் வெவ்வேறாகப் படிக்க இடமுண்டு. டாக்டர் உ. வே. சாமிநாதையர் ஊர் ஊராகச் சென்று ஏடு தொகுத்து, ஒன்றோடொன்று ஒப்பிட்டு, 1887இல் சீவகசிந்தாமணியையும் 1894இல் புறநானூற்றையும் அச்சேற்றினார். ஒரு பாடத்துக்காக நாட்கணக்கில் காத்திருந்த அப்பொறுமையை இன்று நாம் போற்றுகின்றோம். அன்று, ‘பழைய ஓலையைக் கட்டிக்கொண்டு அலைகின்றாரே’ என்று இகழ்ந்தவரும் இருந்திருப்பர். ஒளிவாட் பிடியைத் தேடுவோரைச் சாமிநாதையருடன் ஒருதட்டில் வைத்து நிறுத்தல் பொருந்தாது. சிந்தாமணியின் பெருமை வேறு, திரைப்படப் பிடியின் பெருமை வேறு. எனினும் கண்ணுக்கும் கருத்துக்கும் வேண்டிய பயிற்சி இரண்டிலும் ஒன்றே.

இப்பயிற்சியின் பயனுக்குச் சான்று காட்டலாம். அப்படத்தின் பகைவனாகிய டார்த் வேடர் ஏந்தும் பிடி, மேலோட்டமாக நோக்குவார்க்குத் தலைவன் பிடியைப் போன்றே தோன்றும். ஏடெழுதுவோன் ஒருவன் லகரத்தை ளகரமாக எழுதிவிட்டால் பின் வந்தோரெல்லாம் அப்படியே படியெடுப்பர் அல்லரோ? அதுபோன்ற பிழைக்கு இங்கும் இடமுண்டு. நுணுகி நோக்கியோர், அது கிராஃப்ளெக்ஸ் அன்று என்றும், எம்.பி.பி. என்னும் ஆங்கில நிறுவனத்தாரின் பிளாஷ் பிடி என்றும் தெளிந்தனர். இரண்டும் ஒரு தொழிலுக்கே பயன்பட்ட கருவிகள்; ஒன்று அமெரிக்காவில் பிறந்தது, மற்றொன்று இங்கிலாந்தில் பிறந்தது.

இவை யாவற்றினும் வியப்பானது, ஓபி-வான் என்னும் முதிய வீரரின் பிடியாகும். அது ஒரே பொருளாலாயது அன்று. அதன் நுனிப்பகுதி, ரோல்ஸ்-ராய்ஸ் நிறுவனத்தாரின் டெர்வெண்ட் என்னும் தாரை எந்திரத்துக் குழாய். இரண்டாம் உலகப்போரின் இறுதியை அடுத்த ஆண்டுகளில் பிரிட்டிஷ் போர் வானூர்திகளைப் பறக்கவைத்த எந்திரம் அது. கைபற்றும் இடம், முதல் உலகப்போரில் துப்பாக்கி முனையிலிருந்து ஏவப்பட்ட கைக்குண்டு ஒன்றன் உடல். ஒரு பகுதி, பிரௌனிங் இயந்திரத் துப்பாக்கியின் வாய்ப்புறத்தில் அமையும் உறுப்பு. அடியிலிருப்பதோ, ஆர்மிட்டேஜ் ஷாங்க்ஸ் என்னும் ஆங்கில நிறுவனத்தார் செய்த தண்ணீர்க்குழாயின் திருகுபிடி! இரண்டு பெரும்போர்களும், வானமும், குளியலறையும் ஒரு சாண் நீளத்தில் அடங்கிவிட்டன. அவற்றைப் பிரித்தறிதற்குப் படைக்கலம் அறிந்தவர் வேண்டும். வானூர்தி அறிந்தவர் வேண்டும். குழாய் பழுதுபார்ப்பவரும் வேண்டும். கற்றவர் ஒருவரே எல்லாம் அறிந்தவர் என்னும் செருக்கை இப்பிடி போக்கிவிடும்.

அதே டெர்வெண்ட் எந்திரத்தின் எரியறைகள் மதுக்கடைக் காட்சியில் பானக் கலங்களாக நின்றன; 1980இல் வந்த அடுத்த படத்தில் அவ்வடிவே எந்திர மனிதன் ஒருவனுக்குத் தலையாயிற்று. படைவீரர் ஏந்தும் துப்பாக்கிகள் ஸ்டெர்லிங் என்னும் ஆங்கிலத் துப்பாக்கியின் வேற்றுருவங்கள். அவ்வகைத் துப்பாக்கி நம் நாட்டுக் கான்பூர்த் தொழிற்சாலையிலும் செய்யப்பட்டது. நம் காவலர் தோளிலும் தொங்கியது.

விண்கலங்களின் செய்தி தனி. படத்தில் மலைபோல் தோன்றும் விண்கலங்கள் உண்மையில் மேசைமேல் அடங்கத்தக்க சிற்றுருவங்கள். அவற்றின் புறத்தே கணக்கற்ற மூடிகளும் குழாய்களும் அமைந்திருந்தால்தான் பெரியனவாகத் தோன்றும். அதற்கெனக் கலைஞர்கள் பிளாஸ்டிக் பொம்மைப் பெட்டிகளை நூற்றுக்கணக்கில் வாங்கினர். ஜப்பானியத் தாமியா நிறுவனத்தாரின் டாங்கிப் பொம்மைகளிலும், அசெகாவா நிறுவனத்தாரின் பீரங்கி வண்டிப் பொம்மையிலும் உள்ள உறுப்புகளைப் பிரித்தெடுத்து ஒட்டினர். தேடுவோர் இவற்றையும் விடவில்லை. கடுகளவு உறுப்பைக் காட்டி, ‘இஃது இன்ன பெட்டியில் இத்தனையாம் எண்’ என்கின்றனர். அம்பத்தூரை அடுத்த ஆவடியில் 1965 முதல் மெய்யான டாங்கிகள் உருவாகி வருகின்றன. அவற்றின் சங்கிலிச் சக்கரத்தை அருகிருந்து கண்ட ஆவடிச் சிறுவன், அவ்விண்கலத்தின் பக்கத்தில் ஒட்டியிருப்பது யாதென்று மற்றவர்க்கு முன்னரே சொல்லிவிடுவான்.

‘இதனால் யார்க்கு என்ன பயன்? வயிறு நிரம்புமா, வழக்குத் தீருமா?’ என்று வினவுவோர் உண்டு. வினா நேரியதே. விடையாக இரண்டு செய்திகளை நினைவூட்டலாம். 1836ஆம் ஆண்டளவில் நியூசிலாந்துத் தீவில் வில்லியம் கொலென்சோ என்னும் பாதிரியார், மாவோரிப் பெண்டிர் வெண்கலப் பாத்திரம் ஒன்றில் கிழங்கு அவிப்பதைக் கண்டார். அது பாத்திரமன்று, விளிம்புடைந்த மணி. அதன் புறத்தே எழுத்துகள் ஓடின. அவை தமிழ் எழுத்துகள் என்றும், அது முகையதீன் வக்குசு என்பாருடைய கப்பலின் மணி என்றும் பின்னர்த் தெரிந்தது. இன்று அம்மணி வெல்லிங்டன் நகர அருங்காட்சியகத்தில் உளது. கிழங்கு அவித்தவர்க்கு அது நல்ல பாத்திரம். அதில் அவர்பாற் குறையில்லை. எழுத்தைப் படித்தறிந்திராவிடில், தமிழ்க் கப்பலோட்டி ஒருவர் பெயர் அடுப்புப் புகையில் மறைந்தே போயிருக்கும். இரண்டாவது, புதுச்சேரியை அடுத்த அரிக்கமேடு. 1945இல் அங்கே அகழ்ந்த வீலர் என்னும் அறிஞர்க்குக் காலங்காட்டியாக உதவியவை செப்பேடுகள் அல்ல. இத்தாலி நாட்டுக் குயவர் வனைந்த சிவந்த மட்கலங்களின் உடைசல்கள். எந்தப் பட்டறையில், எக்காலத்தில் அத்தகைய கலங்கள் வனையப்பட்டன என்று முன்னரே சிலர் பொறுமையுடன் ஆராய்ந்து வைத்திருந்தமையால், தமிழகத்துத் துறைமுகம் ஒன்றன் காலம் துலங்கிற்று. மட்கலத்தின் அடியில் இட்ட முத்திரையை ஆராய்ந்தவரையும் அன்று சிலர் வேலையற்றவர் என்றே எண்ணியிருப்பர்.

பிளாஷ் விளக்கின் அடித்தகட்டில் கிராஃப்ளெக்ஸ் என்றும் ராச்செஸ்டர் என்றும் பொறித்திருப்பதைக் கண்டவன், அந்நிறுவனம் எத்தகையது, அங்கே என்ன செய்தனர் என்று வினவுகின்றான். திரைப்படத்தை நோக்கித் தொடங்கிய வினா தொழிலாளர் கையில் சென்று முடிகின்றது. இயக்குநர் பெயரும் நடிகர் பெயரும் திரையில் எழுதப்படும். குழாயின் திருகுபிடியை வார்த்தவர்க்கு அங்கே இடமில்லை. பல ஆண்டு கழித்தேனும் அவர்தம் பட்டறையின் பெயரைத் தேடி எழுதி வைப்போர் இவ்வார்வலர் மட்டுமே. மேனாம்பேட்டில் எண்மட்டும் இட்ட வரைபடத்தை நோக்கி உழைப்போரின் மக்கள், இச்செயலை வீண்வேலை என்று இகழ்தல் ஆகாது.

ஆயினும் இவ்வார்வலர்பால் பெருங்குறை ஒன்று உண்டு. அதனை மறைத்தல் முறையன்று. ஒளிவாளின் உண்மைப் பிடி இன்னதென்று தெரிந்தவுடன் பலர்க்கு அதனை உடைமையாக்கிக் கொள்ளும் வேட்கை மிகுந்தது. பழைய கடைகளில் எவரும் சீந்தாதிருந்த கிராஃப்ளெக்ஸ் பிடியின் விலை பன்மடங்கு உயர்ந்தது. விற்போர், நன்னிலையில் இருந்த புகைப்படக் கருவிகளிலிருந்து பிளாஷை வேறாக்கிப் பிடியைமட்டும் விற்றனர். ஒளிதெறிக்கும் கிண்ணமும் கருவியும் துணையிழந்து கிடந்தன. வாங்கியோர் அதன்மீது பட்டைகளை ஒட்டினர். சிலர் துளையும் இட்டனர். பழைய புகைப்படக் கருவிகளைப் போற்றுவோர் இதுகண்டு மனம் வெதும்புகின்றனர். அவர் வருத்தம் நியாயமானது. 1945இல் ஈவோ சீமா தீவில் வீரர் கொடி நாட்டிய புகழ்மிக்க படம் எடுக்கப்பட்டது அந்நிறுவனத்தாரின் ஸ்பீடு கிராஃபிக் கருவியால் ஆகும். தனக்கென ஒரு வரலாறு உடைய கருவியைச் சிதைத்து, கதையில் வந்த வாளைப் படைத்தல், செப்பேட்டை உருக்கிச் செம்பு வார்ப்பதை ஒக்கும்.

கிறிஸ்டியன் செய்ததும் அதுவே அன்றோ எனின், அன்று. அவர் கையில் எடுத்தது காலங்கடந்து கடையில் முடங்கிக் கிடந்த பொருள். புதிய பிளாஷ் விளக்குகள் வந்துவிட்டமையால் அதனை நாடுவார் இல்லை. அவர் புதியதொன்றைப் படைத்தார். பின்வந்தோர் அதன் படியொன்றுக்காக மூலத்தை அழிக்கின்றனர். ஏட்டைப் படியெடுத்தபின் மூல ஏட்டை ஆற்றில் விடும் வழக்கம் ஒருகாலத்தில் நம்மிடையே இருந்தது. ஆடிப்பெருக்கில் மிதந்து சென்ற சுவடிகள் எத்தனையோ! அவ்வழக்கத்தை இன்று நொந்துகொள்ளும் நாம், உலோகத்தில் நிகழும் அதே பிழையைப் பொறுத்தல் இயலுமோ?

அறிதல் வேறு, பறித்தல் வேறு. பிடியின் பிறப்பிடத்தை அறிதற்குப் பொருளைக் கையிற் பெற்றுத் துளையிடல் வேண்டா. ஒருமுறை செவ்வையாக அளந்தாற் போதும். நல்வாய்ப்பாக, ஆர்வலருள் அறிவுடையோர் பலர் இதனை உணர்ந்துள்ளனர். பழைய பிடிகளை அளந்து வரைபடம் ஆக்கி, புதிய குழலிலிருந்து கடைந்து, மூலத்துக்கு வேறுபாடு காணவியலாத படிகளைச் செய்துகொள்கின்றனர். அத்தகைய படிகள் இப்போது விலைக்கும் கிடைக்கின்றன. ஓபி-வான் பிடியின் கைக்குண்டுப் பகுதியும் அவ்வாறே கடையப்படுகின்றது. மெய்க்குண்டைத் தேடி அலைதல் உயிர்க்கும் ஊறு, சட்டத்துக்கும் மாறு.

அவ்வேலைக்கு வேண்டுவன அலுமினியமோ பித்தளையோ ஆன உருளை ஒன்று, நல்ல கடைசல் எந்திரம் ஒன்று, அளவு தவறாத கை ஒன்று. மேனாம்பேட்டுப் பட்டறையில் அம்மூன்றும் உள. அமெரிக்காவில் அறுபது எழுபது ஆண்டுகளுக்குமுன் செய்த பிடியை, வரைபடம் கிடைப்பின், அங்குள்ள தொழிலாளி மாலைக்குள் கடைந்து கொடுத்துவிடுவார். ராச்செஸ்டரில் பிறந்த பழைய பிளாஷ் தன் புகைப்படக் கருவியின் பக்கத்திலேயே இருக்கும். பொத்தானை அழுத்தினால் இன்னும் ஒருமுறை பளிச்சிடவும் கூடும்.